சர்வீஸ் தொடங்கவில்லை என்று லாக் சொன்னால் நிம்மதியா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அறுபது கணினி, இரண்டு விண்டோஸ் சர்வர், ஆள் நான் ஒருவன்தான். திங்கள் காலை வந்து பார்த்தால் சர்வரில் பேக்கப் மென்பொருளின் சர்வீஸ் (பின்னணியில் தானாக ஓடும் நிரல்) நின்று கிடந்தது, டிசேபிள்ட் என்றும் காட்டியது. நான் மாற்றவில்லை. விண்டோஸின் லாகை, அதாவது நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் தேடியபோது, சனி இரவு 11:42-க்கு அர்த்தமில்லாத ஏழு எழுத்துப் பெயரில் ஒரு சர்வீஸ் நிறுவப்பட்டதாக 7045 என்ற பதிவு இருந்தது. கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில், விண்டோஸில் கட்டளைகளை ஓட்டும் பவர்ஷெல் என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாக எழுத்துக் குவியல். ஆனால் அடுத்தாற்போலவே 7009, 7000 என்று இரண்டு பதிவுகள், அந்த சர்வீஸ் தொடங்கவில்லை என்கின்றன. இப்போது சர்வீஸ் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. தொடங்காததால் ஆபத்தில்லை என்று நினைக்கிறேன். முதலாளியும் 'பேக்கப்பை ஓடவிட்டு வேலையைப் பாருங்க' என்கிறார். இது தாக்குதல்தானா? இனி இப்படி நடந்தால் லாகை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய கண்காணிப்பு மென்பொருள் வாங்க இங்கே பணம் ஒதுக்க மாட்டார்கள்.

பதில்: அவசரமான பகுதியை உங்கள் கடிதம் வந்த அன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், சர்வரை அணைக்காதீர்கள், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், பேக்கப் சர்வீஸை இப்போதைக்கு ஓடவிடாதீர்கள் என்று. மீதியை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஒற்றை ஆளாக ஒரு நிறுவனத்தின் கணினிகளையெல்லாம் தலையில் சுமப்பவர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதல் கேள்விக்கு நேர் பதில்: ஆம், தாக்குதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆறுதல் தந்த அந்த 7009-உம் 7000-மும்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன.

விண்டோஸில் சர்வீஸ்களை எல்லாம் மேய்ப்பது சர்வீஸ் கன்ட்ரோல் மேனேஜர். அது ஒரு நிரலைக் கிளப்பிவிட்டால், அந்த நிரல் உடனே திரும்பி வந்து 'நான் ஆஜர்' என்று அதனிடம் சொல்லவேண்டும். சர்வீஸாக ஓடுவதற்கென்றே எழுதப்பட்ட நிரல்களுக்கு இந்த மரியாதை தெரியும். மேனேஜர் 30,000 மில்லி நொடி, அதாவது அரை நிமிடம் வரை பொறுத்துப் பார்க்கும். ஆஜர் வரவில்லையென்றால் 7009 எழுதும், கூடவே 'தொடங்க முடியவில்லை' என்று 7000 எழுதும். இப்போது சர்வீஸின் கோப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒருவர் வெறும் சிஎம்டி கட்டளையையோ பவர்ஷெல் வரியையோ வைத்தால் என்ன ஆகும்? அவற்றுக்கு ஆஜர் சொல்லத் தெரியாது. சொன்ன வேலையைச் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மேனேஜரின் கணக்கில் சர்வீஸ் தோல்வி, ஆனால் கட்டளை ஓடி முடிந்துவிட்டது. கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் போனவரை மொய் நோட்டில் தேடுவது போலத்தான். நோட்டில் பெயர் இல்லை, இலை காலி.

அரை நிமிடத்தில் மேனேஜர் அந்தச் செயல்முறையைக் கொன்றுவிடாதா என்று கேட்கலாம். தான் நேராகக் கிளப்பியதைத்தான் அது கொல்லும். அதனால்தான் இவர்கள் அந்த வரிக்குள்ளேயே 'ஸ்டார்ட்' என்ற கட்டளையைச் செருகி, தனியாக இன்னொரு பவர்ஷெல்லை ஈன்றுவிட்டுப் போகிறார்கள். தாய் செத்தாலும் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும். கோபால்ட் ஸ்ட்ரைக் என்ற ஊடுருவல் கருவி பக்கத்துக் கணினிக்குத் தாவும்போது விட்டுச்செல்லும் தடம் ஏறக்குறைய இதேதான்: எழுத்தும் எண்ணும் கலந்து ஏழு எழுத்தில் ஒரு பெயர், சிஎம்டியைக் குறிக்கும் காம்ஸ்பெக் என்று தொடங்கும் வரி, அதற்குள் மறைவாக ஓடும் பவர்ஷெல், பின்னால் குறியீடாக்கப்பட்ட கட்டளை. உங்கள் சர்வரில் ஓடியது அதுதான் என்று இந்த ஒரு வரியை வைத்து நான் சத்தியம் செய்யமாட்டேன். அந்த வகையறா என்பதில் சந்தேகமில்லை.

நீங்கள் சொன்ன எழுத்துக் குவியல், எதையும் சாதாரண எழுத்துகளாக மாற்றி எழுதும் பேஸ்64 குறியீடு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பவர்ஷெல் இதற்குப் பயன்படுத்தும் முறையில் ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னும் ஒரு சுழியம் ஒளிந்திருக்கும், அதனால் குவியல் முழுக்க பெரிய ஏ எழுத்து சலிக்கச் சலிக்க வரும். ஜே, ஏ, பி என்ற மூன்று எழுத்தில் ஆரம்பித்தால் உள்ளே முதலில் இருப்பது ஒரு டாலர் குறியும் அதையொட்டி ஒரு மாறியின் பெயரும். தொலைபேசியில் நீங்கள் படித்துக் காட்டியது அப்படித்தான் ஆரம்பித்தது. அதை வேறொரு கணினியில் வெறும் உரையாக விரித்துப் படிக்கலாம், ஆனால் பவர்ஷெல் ஜன்னலில் ஒட்டிவிடாதீர்கள். ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பட்டியலில் அந்த சர்வீஸ் இல்லை என்பதும் ஆறுதல் இல்லை. வேலை முடிந்ததும் சர்வீஸை அழித்துவிடுவது இவர்கள் வழக்கம். நிறுவினால் 7045 எழுதும் விண்டோஸ், அழித்தால் சிஸ்டம் லாகில் அப்படி ஒன்றும் எழுதாது. வந்ததற்குச் சான்று உண்டு, போனதற்கு இல்லை. நல்லவேளை, நீங்கள் பட்டியலோடு நிற்காமல் லாகைப் பார்த்தீர்கள்.

அந்தப் பதிவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. புதிதாக ஒரு சர்வீஸ் நிறுவ அட்மின் உரிமை வேண்டும். அப்படியானால் 11:42 என்பது ஆரம்பம் இல்லை. அதற்கு முன்பே உங்கள் அட்மின் கணக்கு ஒன்று அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. எங்கிருந்து, எந்தக் கணக்கில் என்பதைத்தான் அடுத்துத் தேட வேண்டும், அதற்கு செக்யூரிட்டி லாகுக்குப் போங்கள்.

அங்கே இதே நிகழ்வுக்கு 4697 என்று இன்னொரு பதிவு உண்டு. 7045-ஐ விட இது வசதி, ஏனென்றால் நிறுவிய கணக்கோடு லாகான் ஐடி என்ற எண்ணும் இதில் இருக்கும். அதே எண் 4624 என்ற உள்நுழைவுப் பதிவிலும் இருக்கும். அந்த 4624-இல் உள்நுழைவு வகை 3 என்றால் நெட்வொர்க் வழியாக வந்திருக்கிறார்கள், கீழே எந்த ஐபி முகவரியிலிருந்து என்பதும் இருக்கும். ஆக, சர்வீஸ், அதை நிறுவிய கணக்கு, அந்தக் கணக்கு உள்ளே வந்த கணினி என்று மூன்று எட்டில் போய்ச் சேர்ந்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் 4697 தானாக வராது. ஆடிட் பாலிசியில் சிஸ்டம் என்ற பிரிவில் 'செக்யூரிட்டி சிஸ்டம் எக்ஸ்டென்ஷன்' என்பதை யாராவது இயக்கியிருக்க வேண்டும். உங்கள் சர்வரில் இயக்கவில்லை, பெரும்பாலான இடங்களில் யாரும் இயக்குவதில்லை. இப்போது இயக்கிவிடுங்கள். பதிவுகள் கொஞ்சம்தான் வரும், லாக் நிரம்பிவிடும் என்ற கவலை வேண்டாம். நடந்துபோனதற்கு, 11:42-க்கு முந்தைய ஓரிரு நிமிடங்களில் வகை 3 ஆக வந்த 4624-களைக் கையால்தான் சலிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒட்டி 4672 இருக்கிறதா பாருங்கள். அது அட்மின் தரத்து உரிமையோடு வந்த கணக்கு என்று பொருள். சனி இரவு என்பதால் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும்.

இனி பேக்கப்புக்கு வருவோம். ஒரு சர்வீஸின் தொடக்க வகையை மாற்றினால் 7040 என்று ஒரு பதிவு விழும்: இன்ன சர்வீஸ், ஆட்டோ ஸ்டார்ட்டிலிருந்து டிசேபிள்டுக்கு. நான் தேடச் சொன்னதும் 11:51-க்கு ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள் அல்லவா, அதைத் திறந்தால் யூசர் என்ற இடத்தில் எந்தக் கணக்கு என்று இருக்கும். அதற்கு முன்பின்னாக 7036 என்று வந்தவை சர்வீஸ் நின்றதையும் ஓடியதையும் சொல்பவை. அவற்றில் யார் நிறுத்தினார் என்ற விவரம் இருக்காது, நேரத்துக்கு மட்டும் பயன்படும். உங்கள் சர்வரில் பேக்கப், கணக்கு மென்பொருளின் டேட்டாபேஸ், விண்டோஸே எடுத்துவைக்கும் பிரதிகளுக்கான வால்யூம் ஷேடோ காப்பி மூன்றும் அடுத்தடுத்து நின்றிருக்கின்றன. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்க் கூட்டத்தின் ஒத்திகை இப்படித்தான் இருக்கும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் கோப்பைப் பூட்டிப் பிடித்திருக்கும், பூட்டிய கோப்பைக் குறியாக்க முடியாது. சர்வீஸை நிறுத்தினால் கோப்பு கைக்கு வந்துவிடும். பேக்கப்பை நிறுத்துவது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. கோப்புகள் இன்னும் நன்றாக இருக்கின்றன என்றால் அவர்கள் வேலையை முடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். பேக்கப்பை உடனே ஓடவிட வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். இந்த நிலையில் ஓடும் பேக்கப் பழைய நல்ல பிரதியின் மேல் என்னத்தை எழுதும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் 7040-ஐப் பார்க்கத் தொடங்கியதும் ஒரு தொல்லை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்' என்று ஒன்று. விண்டோஸ் அப்டேட் கோப்புகளை இறக்கித் தருவது. இதன் தொடக்க வகை டிமாண்டிலிருந்து (கேட்டால்தான் ஓடும்) ஆட்டோவுக்கும், ஆட்டோவிலிருந்து டிமாண்டுக்கும் தானாகவே மாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு 7040. விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரும் அப்படியே. இரண்டையும் வடிகட்டிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டே நாளில் வெறுத்துப்போய் மூடிவிடுவீர்கள். எந்த சர்வீஸாக இருந்தாலும் 'டிசேபிள்டுக்கு' மாறிய வரிகளை மட்டும் எடுத்தால் மிச்சம் இருப்பது கைவிரலில் அடங்கிவிடும்.

7045-க்கும் இந்தத் தொல்லை உண்டு, நானே அதில் விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாடிக்கையாளர் சர்வரில் எம்பிகேஎஸ்எல் என்று தொடங்கி, பின்னால் தாறுமாறான எண்ணும் எழுத்தும் வரும் டிரைவர்கள் வாரம் தவறாமல் நிறுவப்படுவதைக் கண்டுபிடித்தேன். கணினிக்குள் ஆழமாக ஒளிந்திருக்கும் ரூட்கிட் என்ற தீநிரல்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு மேலதிகாரியைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: 'கோப்பு எந்த ஃபோல்டர்ல இருக்கு?' விண்டோஸ் டிஃபெண்டரின் டெஃபினிஷன் அப்டேட் ஃபோல்டரில். அது டிஃபெண்டரே தனக்கு இறக்கிக்கொள்ளும் டிரைவர். மறுநாள் அலுவலகத்தில் எனக்கு எம்பிகேஎஸ்எல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து பெயரைக் கடைசியில்தான் பார்க்கிறேன், பாதையை முதலில் பார்க்கிறேன். டெம்ப் ஃபோல்டர், யூசர்ஸ் பப்ளிக், புரோகிராம் டேட்டாவில் தொங்கும் தனிக் கோப்பு, 127.0.0.1 (தன் கணினியையே குறிக்கும் முகவரி) என்று தொடங்கி அட்மின் ஷேர் வழியாகப் போகும் பாதை, சிஎம்டி, பவர்ஷெல், ரன்டிஎல்எல்32 இவற்றில் எது சர்வீஸின் கோப்பாக வந்தாலும் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுப் பாருங்கள். பெயர் சொல்லும் கதையை நம்பக்கூடாது என்பதற்குப் பழைய சம்பவங்களே போதும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை என்ற ரான்சம்வேர் தன்னை சர்வீஸாக நிறுவிக்கொண்டபோது காட்டிய பெயர் 'மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி சென்டர் (2.0) சர்வீஸ்'. விண்டோஸில் செக்யூரிட்டி சென்டர் என்று உண்மையாகவே ஒன்று உண்டு, அதற்கு 2.0 கிடையாது. 2012 ஆகஸ்டில் சவூதி அராம்கோவின் ஆயிரக்கணக்கான கணினிகளைத் துடைத்த ஷமூன் என்ற தீநிரல், 'டிஸ்ட்ரிபியூட்டட் லிங்க் டிராக்கிங் சர்வர்' என்ற பெயரில் உட்கார்ந்தது. எல்லாக் கணினியிலும் இருப்பது 'டிஸ்ட்ரிபியூட்டட் லிங்க் டிராக்கிங் கிளையன்ட்'. பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்?

பிஎஸ்எக்ஸெக் பற்றியும் ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்டின் சிஸின்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள, வேறொரு கணினியில் கட்டளை ஓட்ட உதவும் நல்ல கருவி, அட்மின்கள் தினமும் பயன்படுத்துவது. அது போய் இறங்கும் கணினியில் அதன் பெயரிலேயே ஒரு சர்வீஸ் நிறுவப்பட்டு 7045 விழும். தாக்குபவர்களுக்கும் அது பிடித்தமான கருவி. உங்கள் நிறுவனத்தில் அட்மின் நீங்கள் ஒருவர்தான் என்பது இங்கே ஒரு வசதி. நீங்கள் பயன்படுத்தாத நாளில் அந்தப் பதிவு வந்தால் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் புதிதாக வந்த சர்வீஸைப் பற்றி. எனக்கு அதிகக் கவலை ஏற்கெனவே இருக்கும் சர்வீஸை மாற்றுவதில்தான், ஏனென்றால் 7045 அதைப் பார்க்காது. யாரும் கண்டுகொள்ளாத பழைய பிரின்டர் சர்வீஸ் ஒன்று கிடக்கிறது என்று வையுங்கள். அதன் கோப்புப் பாதையை மட்டும் தன் நிரலுக்கு மாற்றிவிட்டு அதை ஓடவிட்டால், எதுவும் நிறுவப்படவில்லை, ஆகவே 7045 இல்லை. தொடக்க வகை மாறவில்லை, ஆகவே 7040-உம் இல்லை. பல சர்வீஸ்களைத் தனக்குள் ஏற்றி ஓட்டும் விண்டோஸ் நிரலான எஸ்விசிஹோஸ்டுக்குள் ஓடும் சர்வீஸ் என்றால் பாதையைக்கூடத் தொடவேண்டாம், அது எந்த டிஎல்எல்லை (நிரல் நூலகக் கோப்பை) ஏற்றவேண்டும் என்ற மதிப்பை மாற்றினால் போதும். ரெக்கவரி என்ற தாவலைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? சர்வீஸ் செயலிழந்தால் இந்த நிரலை ஓட்டு என்று அங்கே எழுதிவைக்கலாம். அதில் தன் நிரலை எழுதிவிட்டு சர்வீஸைக் கீழே விழவைப்பவர்களும் உண்டு. அப்போது லாகில் தெரிவது சர்வீஸ் எதிர்பாராமல் நின்றது என்ற 7031 மட்டும். யாராவது அதைப் பார்த்துப் பதறுவார்களா?

இவை எல்லாம், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரே கிளையில்தான் இருக்கின்றன: லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ். மேனேஜரிடம் போகாமல் நேராக அங்கே எழுதிவிட்டு, கணினி அடுத்த முறை எழும்வரை காத்திருந்தாலும் வேலை நடந்துவிடும், லாகில் சத்தமே இருக்காது. 2020 டிசம்பரில் வெளியே தெரிந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் சன்பர்ஸ்ட் என்ற தீநிரல் செய்தது இதைத்தான். அதனிடம் பாதுகாப்பு மென்பொருள் சர்வீஸ்களின் பட்டியல் இருந்தது. கணினியில் அவற்றைக் கண்டால், ரெஜிஸ்ட்ரியில் அவற்றின் ஸ்டார்ட் மதிப்பை 4 ஆக்கியது. 2 என்றால் ஆட்டோ, 3 என்றால் டிமாண்ட், 4 என்றால் டிசேபிள்ட். ஓடிக்கொண்டிருந்ததை அது நிறுத்தவில்லை. யாராவது ரீஸ்டார்ட் செய்வார்கள் என்று காத்திருந்தது, செய்தார்கள். உங்களிடம் ரீஸ்டார்ட் வேண்டாம் என்று கெஞ்சியதில் இந்தப் பயமும் பாதி.

இதைப் பிடிக்கச் செலவில்லாத வழி சிஸ்மான். அதுவும் சிஸின்டர்னல்ஸ் தொகுப்புதான், இலவசம். நிறுவி, சர்வீசஸ் கிளையை மட்டும் கவனிக்கும்படி அமைத்துவிட்டால், அங்கே எந்த மதிப்பை எந்த நிரல் எழுதினாலும் 13 என்ற எண்ணில் பதிவாகும். அதில் பார்க்கவேண்டியது எழுதிய நிரலின் பெயர். முறைப்படி மேனேஜர் வழியாக நடக்கும் மாற்றங்களில் எழுதியவர் சர்வீசஸ் டாட் எக்ஸ்இ என்று இருக்கும். பவர்ஷெல்லோ ரெஜிஸ்ட்ரி கட்டளையோ பெயரே தெரியாத ஒரு கோப்போ நேராக எழுதியிருந்தால் அது விசாரிக்கவேண்டிய விஷயம். அதோடு, கோப்புப் பாதை, டிஎல்எல், ரெக்கவரி கட்டளை இந்த மூன்று மதிப்புகளில் கைவைத்தது யாராக இருந்தாலும் பாருங்கள், சர்வீசஸ் டாட் எக்ஸ்இ எழுதியிருந்தாலும் சரி. மேனேஜரைக் கேட்டு மாற்றச்சொன்னது யார் என்பது 4688-இல் கிடைக்கும், செயல்முறை தொடங்கும்போது கட்டளை வரியையும் எழுது என்ற அமைப்பை இயக்கியிருந்தால். அதை இயக்கினால் கட்டளையில் கடவுச்சொல் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அதுவும் லாகில் வந்து உட்கார்ந்துவிடும்.

சிஸ்மானுக்குக்கூட நேரமில்லை என்றால், சுத்தம் என்று தெரிந்த ஒரு நாளில் எல்லா சர்வீஸ்களின் பெயர், பாதை, கணக்கு, தொடக்க வகை நான்கையும் ஒரு கோப்பில் எழுதி வெளியே எடுத்து வையுங்கள். வாராவாரம் புதிதாக எடுத்து அதோடு ஒப்பிடுங்கள். பவர்ஷெல் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. முதலில் இரண்டு சர்வருக்கும் போதும், அறுபது கணினியையும் ஒரே நாளில் பிடிக்கவேண்டாம். விண்டோஸ் 10-லும் அதற்குப் பிறகும், உள்நுழையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முளைக்கும் சர்வீஸ்கள் உண்டு. பெயரின் வாலில் ஒரு அடிக்கோடும் மாறிக்கொண்டே இருக்கும் எண்ணெழுத்தும் இருக்கும். ஒப்பிடும்போது அந்த வாலை நறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் என் எம்பிகேஎஸ்எல் கதை உங்களுக்கும் நடக்கும்.

சரி, இவ்வளவும் லாக் இருந்தால்தானே. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் வெடித்த நாட்பெட்யா என்ற தீநிரல், பிஎஸ்எக்ஸெக்கையும் பயன்படுத்தித் தாவியது. தாவிய கணினிகளில் சிஸ்டம், செக்யூரிட்டி, அப்ளிகேஷன், செட்டப் நான்கு லாகுகளையும் துடைத்தது. துடைத்தால் ஒரு வரி மிஞ்சும்: செக்யூரிட்டி லாக் என்றால் 1102, சிஸ்டம் லாக் என்றால் 104. நீங்களே துடைக்காதபோது இவற்றில் ஒன்று வந்தால் மற்ற எதையும் யோசிக்காமல் தாக்குதல் என்றே தொடங்குங்கள். துடைக்காமலே லாகை அழிக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும். சிஸ்டம் லாகின் இயல்பான அளவு 20 எம்பிதான், நிரம்பினால் பழையது தானாகப் போய்விடும். பரபரப்பான சர்வரில் செக்யூரிட்டி லாக் ஒரு நாள்கூடத் தாங்காது. உங்களுடையதில் சனிக்கிழமைப் பதிவுகள் திங்கள்வரை இருந்தது அதிர்ஷ்டம். செக்யூரிட்டிக்கு 1 ஜிபி, சிஸ்டத்துக்கு 200 எம்பி என்று கூட்டிவிடுங்கள், இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் அது ஒரு பொருட்டில்லை.

அப்புறம், லாகை அந்தக் கணினியிலேயே விட்டுவைக்காதீர்கள். விண்டோஸிலேயே ஈவென்ட் ஃபார்வர்டிங் வசதி இருக்கிறது, தனியாகப் பணம் கட்டவேண்டியதில்லை. ஒரு பழைய கணினியைச் சேகரிப்பானாக வைத்து, இரண்டு சர்வரிலிருந்தும் 7045, 7040, 4697, 1102, 104, சிஸ்மான் 13, டிஃபெண்டரின் நிகழ்நேரப் பாதுகாப்பு நிறுத்தப்பட்டதைச் சொல்லும் 5001, இவற்றை மட்டும் வரவையுங்கள். உள்நுழைவுப் பதிவுகள் பிறகு. சேகரிப்பானில் ஏதாவது ஒரு பதிவின் மேல் வலது கிளிக் செய்தால், இது வந்தால் இந்த நிரலை ஓட்டு என்று இணைக்க வழி இருக்கும். உங்கள் கைபேசிக்குத் தகவல் வர அதில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் கணினியின் அட்மின் கடவுச்சொல் மற்ற எதிலும் இருக்கக்கூடாது. சர்வரைப் பிடித்தவர் அதே கடவுச்சொல்லில் சேகரிப்பானுக்கும் வந்துவிட்டால் இவ்வளவு பாடும் வீண்.

நேரத்தைக் குறித்து ஒன்று. ஈவென்ட் வியூவர் நம் நேரத்தைக் காட்டும், உள்ளே எக்ஸ்எம்எல்லில் இருப்பது உலக நேரம். நீங்கள் பார்த்த இரவு 11:42 அங்கே 18:12 என்று இருக்கும். வெளியாட்களுக்கு லாகைக் கொடுக்கும்போது இந்த ஐந்தரை மணி நேரத்தைச் சொல்லாமல் விட்டு, ஷிஃப்டில் இருந்த அப்பாவி ஒருவர் மாட்டிக்கொண்ட கதையெல்லாம் உண்டு.

முதலாளி விஷயம். அவரிடம் சட்டத்தையே காட்டிவிடுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, இப்படி ஒரு சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். நிறுவனம் என்று பதிவுசெய்த யாருக்கும் இது பொருந்தும், பனியன் கம்பெனிக்கும்தான். பையருக்கு (சரக்கு வாங்கும் நிறுவனத்துக்கு) தெரிந்தால் ஆர்டர் போய்விடும் என்று அவர் பயப்படுவது புரிகிறது. சிஇஆர்டி-இன்னிடம் சொல்வது பையரிடம் சொல்வதாகாது. ஷிப்மென்ட் நேரத்தில் டிசைன் கோப்பும் பேக்கிங் லிஸ்ட்டும் மொத்தமாகப் பூட்டிக்கொண்டால் பையருக்குத் தெரியாமல் மறைக்க முடியுமா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

கடைசியாக நீங்கள் அனுப்பிய 4624 பட்டியலைப் பார்த்தேன். 11:41-க்கு வகை 3 ஆக வந்த உள்நுழைவு, பொதுவாக எல்லோரும் பயன்படுத்தும் அந்த அட்மின் கணக்கில் இருக்கிறது. ஐபி முகவரி மெர்ச்சண்டைசிங் பிரிவில் உள்ள கணினி என்று எழுதியிருக்கிறீர்கள். சனி இரவு அங்கே யாரும் இல்லை என்றால், சர்வருக்கு முன்பு விழுந்தது அதுதான். அதன் கேபிளையும் பிடுங்கிவிட்டு, ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகில் ஃபில்டரைத் திறந்து 7045, 7040, 104 மூன்றையும் போட்டு, ஒரு மாதம் பின்னோக்கிப் பாருங்கள். லாகை எக்செலில் ஒட்டி அனுப்பவேண்டாம். லாகின் அசல் வடிவமான ஈவிடிஎக்ஸ் கோப்பாகவே சேமித்து அனுப்புங்கள்.